தேய்ந்த இடத்தில் தெரியும் வயது

பழம்பொருள் சேர்க்கிறவர் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். விளக்கானாலும் பூச்சாடியானாலும் முன்பக்கத்தை விற்பவர் துடைத்து வைத்திருப்பார். அடிப்பக்கத்தைத் துடைக்க அவருக்குத் தோன்றியிருக்காது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு காலிசெய்யும் விற்பனைகளிலும் சிறிய ஏலக்கூடங்களிலும், ஒரு ஜாடியை எடுத்த உடனே தலைகீழாகப் பிடிக்கிற ஆளைக் கண்டால், விற்கிறவர் விலை சொல்வதற்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அடிப்பக்கத்தில் அவர் எதைத் தேடுகிறார், அங்கே கண்டதை வைத்து வயதையும் ஊரையும் எப்படிக் கணிக்கிறார், அந்தக் கணக்கு டர்பனைச் சுற்றியுள்ள நேட்டாலில் நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழர் வீடுகளின் விளக்குகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் முத்திரை, கையெழுத்து, ஆண்டு எண் ஆகியவற்றையே நம்புவார். அவை முக்கியம்தான். ஆனால் முத்திரையை யாரும் குத்திவிடலாம், கையெழுத்தை யாரும் கீறிவிடலாம். கை பிடித்த இடம், சுடர் சுட்ட இடம், மேசையில் உரசிய இடம் ஆகிய மூன்றையும் பொருந்தும்படி போலியாக உண்டாக்குவது கடினம். ஒரு பொருள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைவிட எங்கே தேய்ந்திருக்கிறது என்பதே அதன் வயதைச் சொல்லும் என்பது என் அனுபவம். மண்பானையை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, கணீரென்றால் எடுத்துக்கொண்டு, மொத்தென்றால் கீறல் என்று ஒதுக்கிய நம் ஆயாமார்களுக்கு இது புதிய பாடமாக இராது.

முதலில் பித்தளை விளக்கை எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. 1911இல் இந்த ஆள்சேர்ப்பு நிற்கும்வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள். எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் பூசை மாடத்து விளக்கைப் பற்றிக் கேட்டால் ‘அது கப்பலில் வந்தது’ என்றுதான் பதில் வரும். மூட்டைக்குள் அடங்கும் சின்னக் காமாட்சி விளக்கு அப்படி வந்திருக்கலாம்; இடுப்பளவு உயரமுள்ள குத்துவிளக்கு கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவரின் மூட்டையில் வந்திருக்கும் என்று நம்புவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. 1870களிலிருந்து சொந்தச் செலவில் வந்த வணிகர்கள், பெரும்பாலும் குஜராத்தியர்கள், டர்பனில் கடை திறந்து இந்தியச் சரக்கை இறக்குமதி செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்து, துண்டு நிலத்தில் காய்கறி பயிரிட்டு, நாலு காசு சேர்ந்த பிறகு ஒரு கலியாணத்துக்கென்று கடையில் வாங்கிய விளக்கும் பேரப்பிள்ளைகளின் வாயில் ‘கப்பலில் வந்த’ விளக்காகிவிடும். அந்தச் சொல்லிலும் பொய் இல்லை. கடைக்காரரின் சரக்கும் கப்பலில்தானே வந்தது!

நேட்டால் விளக்குகளின் வயதைக் கணிக்க உதவும் ஒரு வரலாற்றுக் கோடு உண்டு. இந்த நாட்டின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களை எதிர்த்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. அந்தத் தடை நீங்கியது 1990களின் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட சுமார் 45 ஆண்டுகளில் இந்தியப் பித்தளை நேரடி வழியில் கடைக்கு வரவில்லை. வேறு நாடுகள் வழியாகச் சுற்றி வந்ததும், பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே ஓடிய கரஞ்சா, கம்பாலா கப்பல்களில் போய்வந்தவர்களின் பெட்டிகளில் வந்ததும் உண்டு. ஆனால் பொதுவாகச் சொன்னால், இங்குள்ள ஒரு குத்துவிளக்கு ஒன்று 1946க்கு முந்தியதாக இருக்கும், அல்லது மண்டேலா காலத்திலோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்கும். இந்தியாவில் இத்தகைய இடைவெளி கிடையாது. அங்கே 1930இன் விளக்குக்கும் 1960இன் விளக்குக்கும் உள்ள வேறுபாட்டை மிக நுட்பமாகப் பார்க்க வேண்டும். இங்கே பழையதும் புதியதும் தனித்தனிக் குவியலாகவே நிற்கின்றன.

அந்த இரண்டு குவியலையும் பிரித்தறிய எனக்குப் பிடித்த இடம் குத்துவிளக்கின் மரை. பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னமோ கூம்போ என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிப் பூட்டுகிற பொருள் குத்துவிளக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள நாச்சியார்கோவிலில் கம்மாளர்கள் இன்றும் காவிரிப் படுகையின் வண்டலில் அச்செடுத்து வார்க்கிறார்கள். கையால் வெட்டிய மரை தன் இணையோடு மட்டுமே சரியாகச் சேரும். ஒரே அளவிலான இரண்டு பழைய விளக்குகளின் தண்டுகளை மாற்றித் திருகிப் பாருங்கள். அரைச் சுற்றில் இறுகிவிடும், அல்லது தளர்ந்து ஆடும். இயந்திரத்தில் வெட்டிய புதிய விளக்குகளில் எந்தத் தண்டும் எந்தப் பீடத்திலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய மரையின் முகடுகள் மழுங்கி, பள்ளங்களில் எண்ணெயும் தூசியும் கலந்து கெட்டிப்பட்ட கறுப்புப் பிசின் படிந்திருக்கும். அதைக் குச்சியால் நோண்டி எடுத்துச் சுத்தப்படுத்திவிட்டு விலை கேட்கிறவர், தன் விளக்கின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டு வயதுக்கு மரியாதை கேட்கிறார்.

சுத்தப்படுத்துவதில்தான் சேகரிப்பாளரும் பூசை செய்கிறவரும் முட்டிக்கொள்வார்கள். மேலைநாட்டுச் சேகரிப்பு நூல்கள் எல்லாம் ‘மெருகேற்றாதே’ என்பதையே முதல் கட்டளையாகச் சொல்லும். உலோகத்தின்மேல் காலம் போர்த்திய பழுப்புப் படலமே பொருளின் மதிப்பு என்று அவை கருதுகின்றன. நம் வீட்டிலோ வியாழக்கிழமை மாலை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காத விளக்கை வெள்ளிக்கிழமை ஏற்றமாட்டார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் கறையைக் கரைத்து எடுத்துவிடும். சும்மா வைத்திருந்த விளக்கில் தெரியும் பச்சைக் களிம்பு பெரும்பாலும் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்குவது. புளி அதையும் நீக்கும். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் நெடுநேரம் ஊறினால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் மிஞ்சிய இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். அந்தத் திட்டுகள் பிறகு எந்த மெருகுக்கும் போகா. புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட்ட விளக்குகளை, டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் நான் நிறையக் கண்டிருக்கிறேன். தேய்த்துக் கழுவி உடனே துடைத்து வைத்தவை அப்படி ஆவதில்லை.

வாரந்தோறும் தேய்த்த விளக்கைச் சேகரிப்பாளர்கள் ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பெரியம்மா வீட்டுக் காமாட்சி விளக்கை ஒருநாள் சன்னலோரம் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். பின்தகட்டில் தாமரைமேல் லட்சுமி. இருபுறமும் துதிக்கை தூக்கி நீர் சொரியும் யானைகள். லட்சுமியின் மூக்கும் வாயும் இல்லை; முகம் புளியங்கொட்டைபோல வழவழவென்றிருக்கிறது. யானைகளின் துதிக்கை இரண்டும் வெறும் மேடுகள். ஆனால் அந்தத் துதிக்கைகளுக்குக் கீழே, விரல் நுழையாத மூலையில், வார்ப்பின்போது இருந்த கூர்மை அப்படியே நிற்கிறது; குங்குமமும் சந்தனமும் கலந்து கல்லாய்ப் போன ஒரு துணுக்கும் அங்கே இருக்கிறது. திரி வைக்கும் மூக்கின் நுனி உள்ளிருந்து கறுத்து, திரி தூண்டிய விரல் பட்ட வலப்புறம் மட்டும் விளிம்பு மெலிந்திருக்கிறது. பாதத்தின் அடியில் வளையமாக ஓர் உரசல். அதன் நடுப்பகுதி கரடுமுரடான வார்ப்பு மண்ணின் சொரசொரப்போடு இன்னும் இருக்கிறது. உயர்ந்த இடம் தேய்ந்து, தாழ்ந்த இடம் கூராய் இருப்பதே கையால் தேய்ந்ததற்கு அடையாளம். அமிலத்தில் முக்கிப் பழசாக்கிய போலிப் பொருளில் மேடும் பள்ளமும் ஒரே நிறமாயிருக்கும், விரல் போகாத மூலையும் அரித்திருக்கும்.

மண்ணெண்ணெய் விளக்குகளுக்கு இந்தக் கணக்கு வேறு. நம்மூரில் பாரஃபின் என்று சொல்கிற மண்ணெண்ணெய் 1850களின் பிற்பகுதியிலிருந்துதான் விளக்குக்குப் பயன்படத் தொடங்கியது. அதற்கு முன்னமே 1780களில் ஆமி ஆர்காண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் உள்ளீடற்ற வட்டத் திரிக்குள் காற்றை விட்டு, மேலே கண்ணாடிக் கூண்டு மாட்டி, பழைய விளக்குகளைவிடப் பலமடங்கு பிரகாசமான சுடரை உண்டாக்கியிருந்தார். பர்மிங்காமின் ஹிங்க்ஸ் நிறுவனம் 1865இல் இரண்டு தட்டைத் திரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பர்னரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் அலங்கார விளக்குகளில் பெரும்பாலானவை அதற்குப்பின் இந்த இரட்டைத் திரி வகையைச் சேர்ந்தவை. நேட்டாலின் தோட்ட முதலாளிகளின் பங்களாக்களுக்கு அவை வந்து, பின்னர் மின்சாரம் வந்ததும் வேலைக்காரர் குடியிருப்புக்கும், அங்கிருந்து பழைய சாமான் கடைக்கும் இறங்கின. டர்பனில் இந்தியர்கள் வாழ்ந்த மாக்சீன் பாரக்ஸ் வரிசை வீடுகளிலும் கேட்டோ மேனரின் தகரக் கொட்டகைகளிலும் வெளிச்சம் என்பது வெகுகாலம் திரியும் பாரஃபினும்தான்.

இந்த வகை விளக்கு ஒன்றில்தான் நான் ஏமாந்தேன். பட்டியலில் ‘விக்டோரியா காலத்து இரட்டைத் திரி விளக்கு, மாணிக்கச் சிவப்புக் குடையுடன்’ என்று போட்டிருந்தது. ஏலக்கூடத்தின் விளக்கொளியில் குடை தகதகவென்று ஜொலித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது ஒவ்வொன்றாய் வெளிப்பட்டது. கண்ணாடி எண்ணெய்க் குடத்தின் வாயில் பித்தளைக் கழுத்தைப் பிளாஸ்டர் வைத்து ஒட்டியிருப்பார்கள். நூற்றாண்டுப் பாரஃபின் ஊறிய பிளாஸ்டர் தேன் நிறமாகிவிடும். என் விளக்கில் அது சுண்ணாம்புபோல வெள்ளையாயிருந்தது. குடை தாங்கும் வளையம் குடையின் கழுத்தைப் பிடிக்காமல் ஆடியது. தூணின் பின்புறத்தில் ஒயர் நுழைக்கத் துளைத்த துளை ஒன்றை ஈயப்பற்றால் அடைத்துப் பித்தளை வண்ணம் பூசியிருந்தார்கள். பர்னர் உண்மையில் பழையது, தூணும் பழையது, குடமும் ஒருவேளை பழையதே. ஆனால் மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள். இப்படி ஒட்டுப்போட்ட விளக்கை ஆங்கிலம் பேசும் சேகரிப்பாளர்கள் கேலியாகக் ‘கலியாணம்’ என்பார்கள். ஜாதகம் பார்க்காமல் நடந்த கலியாணம் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். அன்று ஏலக்கூடத்திலேயே கழுத்தைத் திருகிப் பார்த்திருந்தால் பிளாஸ்டரின் நிறமே என்னைக் காப்பாற்றியிருக்கும். பிரித்துப் பார்க்க வெட்கப்பட்டதற்கு நான் கொடுத்த விலை அது.

மின்விளக்குகளுக்கு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது டிஃபானி. நியூயார்க்கின் லூயி கம்ஃபர்ட் டிஃபானி 1890களின் இறுதியில் வண்ணக் கண்ணாடித் துணுக்குகளைச் செம்புத் தாளால் விளிம்புகட்டி, ஈயப்பற்றால் இணைத்த குடைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தும்பி, விஸ்டீரியா போன்ற புகழ்பெற்ற வடிவங்கள் பலவற்றைத் தீட்டியவர் அவருடைய பட்டறையில் பெண்கள் பிரிவை நடத்திய கிளாரா டிரிஸ்கால் என்பது, அவர் எழுதிய கடிதங்கள் வழியாக இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளியே தெரியவந்தது. விஸ்டீரியாக் குடை ஒன்றில் ஏறத்தாழ 2,000 கண்ணாடித் துண்டுகள் உண்டு. பட்டறை 1932இல் நொடித்தது. மறு ஆண்டில் டிஃபானி இறந்தார். அதன்பின் பல ஆண்டுகள் இந்த விளக்குகளைப் பழைய பாணி என்று ஒதுக்கினார்கள். பின்னர் பாணி திரும்பி, 1997இல் இளஞ்சிவப்புத் தாமரை விளக்கு ஒன்று 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. நம் பேரங்காடிகளில் ‘டிஃபானி’ என்று விற்பவை இந்தப் பாணியில் இன்று செய்யப்படுபவை. வரவேற்பறைக்கு அழகானவைதான், பழம்பொருள் மட்டும் அல்ல. உண்மையான வெண்கலப் பாதத்தில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் குத்தப்பட்டிருக்கும், பச்சையும் பழுப்பும் கலந்த மேற்பூச்சு பட்டறையிலேயே கொடுக்கப்பட்டது. தங்கமாக மின்னட்டும் என்று அதைத் தேய்த்து எடுத்தவர்கள் பலர். புளி ஊறவைத்த நம் ஆட்களுக்கு அமெரிக்காவிலும் கூட்டாளிகள் உண்டு. போலியைப் பிடிக்க இங்கும் பார்க்க வேண்டியது வெப்பம் போன வழி: பல்பின் சூடு மேலே ஏறும் என்பதால் பழைய குடையின் உச்சித் துளையைச் சுற்றி ஈயப்பற்று மங்கி வெளுத்திருக்கும், கீழ் விளிம்பில் அப்படி இராது.

பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயின் விளக்குகளில் மாறான ஒரு தேய்மானத்தைத் தேட வேண்டும். அவர் 1904இல் இறந்தபின் சில காலம் பட்டறை அவருடைய கையெழுத்தோடு ஒரு சிறு நட்சத்திரத்தைச் சேர்த்துப் பொறித்தது. அவருடைய பாணியில் ருமேனியாவில் செய்யப்படும் படிகளில் ‘டிப்’ என்ற மூன்றெழுத்துச் சொல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். ‘மாதிரி’ என்று பொருள். அதைத் தேய்த்து அழித்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயருக்கு அருகே விரல் வைத்துத் தடவினால், மற்ற இடமெல்லாம் புடைத்திருக்க அங்கே மட்டும் பள்ளமாய் வழவழப்பு தட்டுப்படும். எந்தக் கையும் அப்படி ஓர் இடத்தை மட்டும் நூறாண்டு தடவியிருக்காது.

விளக்கிலிருந்து மண்கலத்துக்கு மாறுவது பெரிய தாவல் ஆகாது. டிஃபானியே தன் ஆரம்பகால விளக்குகள் சிலவற்றுக்குப் பாஸ்டனின் குரூபி மண்பாண்டப் பட்டறையில் செய்த, வெள்ளரித் தோல்போல மங்கலான பச்சைப் பூச்சுள்ள சாடிகளைப் பாதமாக வைத்தார். முத்திரை வழியாக ஆண்டைச் சொல்லும் கலையில் அமெரிக்காவின் ரூக்வுட் பட்டறை எல்லாரையும் மிஞ்சியது. 1880இல் சின்சினாட்டியில் தொடங்கிய அந்தப் பட்டறை, 1886இல் ஏற்ற எழுத்து முத்திரையைச் சுற்றி ஆண்டுக்கு ஒரு சுடர் சேர்த்துக்கொண்டே வந்தது. 1900இல் சுடர்கள் பதினான்கு. அதன்பின் கீழே ரோமன் எண்ணில் ஆண்டைப் போட்டார்கள். முத்திரையே விளக்காக எரிவதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி.

தென்னாப்பிரிக்கக் கலைப் பாண்டத்தின் வேர் ஒன்று டர்பனில்தான் இருக்கிறது என்பது இங்குள்ள நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 1914இல் டர்பன் கலைப் பள்ளிக்குத் தலைவராக வந்த ஜான் ஆடம்ஸ் ஆங்கிலேய மண்கலக் கலைஞர். 1921இல் நாடு திரும்பி, பூல் என்ற ஊரின் புகழ்பெற்ற பாண்டப் பட்டறையின் பங்காளியானார். அவரிடம் பயின்ற கிளாடிஸ் ஷார்ட், மார்ஜரி ஜான்ஸ்டன் முதலிய பெண்கள் 1920களின் நடுவில் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையிலுள்ள ஒலிஃபன்ட்ஸ்ஃபான்டைனில் ‘செராமிக் ஸ்டூடியோ’ என்ற பட்டறையை நிறுவினார்கள். 1940களில் அதே இடத்தில் ‘லின்வேர்’ என்ற பெயரில் கலங்கள் தொடர்ந்து வந்தன. அவற்றின் மயில்நீலப் பூச்சையும் காளை ரத்தச் சிவப்பையும் ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். லின்வேரின் பெயர் அடியில் கீறப்பட்டிருக்கும். ஆனால் பாத வளையத்தின் பூச்சில்லாத விளிம்பில் சாம்பல் நிற உரசல் இருக்கிறதா என்பதை நான் பெயருக்கு முன்னால் பார்ப்பேன். அறுபது எழுபது ஆண்டுகள் அலமாரியில் இழுத்து நகர்த்திய ஜாடிக்கு அந்த உரசல் இல்லாமல் இருக்க வழியில்லை.

விளக்குப் பாதமாகவே பிறந்த கலத்துக்கும், பின்னால் துளை போட்டு விளக்காக்கிய பூச்சாடிக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு காலத்தில் நல்ல நல்ல ஜாடிகளை எல்லாம் ஓட்டை போட்டு ஒயர் நுழைத்த மோகம் இருந்தது. எவ்வளவு சிறந்த கலமானாலும் துளை விழுந்தால் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பார்வை போதும். குயவர் பச்சை மண்ணிலேயே துளை விட்டிருந்தால் சூளையில் உருகிய பூச்சு துளையின் உள்விளிம்பு வரை வழிந்து, உருண்டு நிற்கும். பின்னால் துளைத்திருந்தால் விளிம்பில் பூச்சு சில்லு சில்லாய்த் தெறித்து, பூச்சில்லாத சுட்ட மண் உடல் அப்பட்டமாய்த் தெரியும். சில்லு தெறித்த இடத்தைப் பிசின் வைத்து நிரப்பியிருந்தால் புற ஊதாக் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பல பிசின்கள் பூச்சைப்போல இருளாமல் வேறு நிறமாய் ஒளிரும்.

நேட்டாலின் இன்றைய பெயரான குவாசூலு-நேட்டாலிலிருந்து இரண்டு பெயர்களை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1879 ஆங்கிலேய-சூலு போரால் பெயர் பெற்ற ரோர்க்ஸ் டிரிஃப்டில், லூத்தரன் திருச்சபையின் கலைக்கூடத்தில் 1968இல் மண்கலப் பட்டறை தொடங்கியது. தினா மொலேஃபே, கார்டன் ம்பாத்தா போன்றோர் அங்கே செய்த கனமான கலங்களின் அடியில் செய்தவர் பெயரைக் காணலாம். 1985இல் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் ஃபே ஹால்ஸ்டெட் தொடங்கிய ஆர்ட்மோர் பட்டறையில் சிறுத்தையும் குரங்கும் கழுத்தைச் சுற்றும் மெழுகுவத்தித் தாங்கிகளும் தேநீர்க் கெண்டிகளும் பிறந்தன. அங்கே முதலில் பயின்ற பானி ன்ட்சாலின்ட்சாலி 1990இல் இளம் கலைஞருக்கான நாட்டின் பெரிய விருதை ஹால்ஸ்டெட்டோடு பகிர்ந்துகொண்டார்; 1999இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். இத்தகைய கலங்களில் காதும் வாலும் முறிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே பெரிய வேலை.

ஆனால் நம் விளக்குகளுக்கு மிக நெருங்கிய உறவு என்று நான் கருதுவது சூலு மக்களின் கறுப்புப் பானையாகிய உகம்பாவை. சக்கரமில்லாமல் மண் திரியைச் சுருள் சுருளாய் அடுக்கிக் கையால் உருட்டி எழுப்பி, திறந்த வெளியில் சுட்டு, மறுபடி காய்ந்த இலையும் புல்லும் போட்டுப் புகையூட்டிக் கறுப்பாக்கி, கொழுப்புத் தடவிக் கூழாங்கல்லால் மெருகேற்றுவார்கள். சோளக் கள் பரிமாறும் கலம் அது. குடிசையின் பின்புறத்தில் உம்சாமோ என்ற இடம் முன்னோர்களுக்கு உரியது. கறுப்புப் பானைகள் அங்கே இருக்கும், ஏனென்றால் முன்னோர்கள் இருளையும் குளிர்ச்சியையும் விரும்புகிறவர்கள். நம் வீட்டில் சாமி மாடத்தில் சுடர், அவர்கள் வீட்டில் உம்சாமோவில் இருள். இரண்டும் செத்தவர்களையும் தெய்வத்தையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுகளே. துகேலா பள்ளத்தாக்கின் நெஸ்டா நாலா இந்தப் பானையைக் கலைக்கூடங்களுக்குக் கொண்டுசென்றவர், 2005இல் மறைந்தார். கடைக்கென்று செய்யும் பானைகளில் இப்போது கொழுப்புக்குப் பதில் சப்பாத்துப் பாலிஷ் தடவுகிறவர்களும் உண்டு; துணியால் தேய்த்தால் கறுப்பு துணியில் இறங்கும். உண்மையில் கள் ஊற்றிப் புழங்கிய பானையின் உட்புறத்தில் வெளிறிய படிவம் இருக்கும், விளிம்பு ஒரே சீராக மழுங்கியிருக்கும், ஏனென்றால் அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்த கலம்.

சந்தையைப் பற்றிச் சில சொற்கள். நேட்டாலின் தமிழ் விளக்குகள் ஏலத்தில் அரிதாகவே வருகின்றன. அவை அழிந்ததற்குக் காரணம் சேகரிப்பாளர்கள் அல்லர். 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனரையும் மாக்சீன் பாரக்ஸையும் காலிசெய்து, 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சின்னச் சின்ன வீடுகளுக்குள் குடும்பங்கள் அடைக்கப்பட்டபோது, பெரிய குத்துவிளக்குகளும் அண்டாக்களும் குடங்களும் கிலோ கணக்கில் பழைய பித்தளைக்காரரிடம் போய் உருகின. மிஞ்சியவை இப்போது பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்குக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகும்போது கைமாறுகின்றன. வாங்குகிறவர் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தியாவில் 100 ஆண்டைக் கடந்த பழம்பொருளை 1972ஆம் ஆண்டின் சட்டப்படி வெளியே கொண்டுவர முடியாது, ஆகவே ‘தஞ்சாவூர்க் கோவில் விளக்கு, சென்ற ஆண்டு வந்தது’ என்று யாரும் சொன்னால் விலையைக் கேட்காமல் திரும்பிவிடுவது நல்லது. இங்கே பழைய சாமான் வியாபாரிகள் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்து, யாரிடம் வாங்கினோம் என்று ஏடு வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் அந்த ஏட்டைப் பார்க்கக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒரு விளக்கின் கதையை நிறுவுவதற்கு நம்மிடம் வேறு பலரிடம் இல்லாத ஒரு சாதனம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், ஊர், கப்பல் ஆகியவற்றை ஏட்டில் பதிந்திருக்கிறது. அந்த எண் தெரிந்த குடும்பம் விளக்கோடு சேர்த்து அதை ஒரு தாளில் எழுதி வைத்தால், எந்த ஏலக்கூடத்தின் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. இன்னொன்றும் உண்டு: பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம் பழக்கம்.

பெரியம்மாவின் காமாட்சி விளக்கை நான் எடைபோட்டு, அளந்து, படம் எடுத்து முடித்தபோது, அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “என்ன தம்பி, விலை போட்டாச்சா?” என்று கேட்டார். விற்பதற்கில்லை என்று எனக்கே தெரியும் என்றேன். அவர் விளக்கைக் கையில் வாங்கி, நான் பார்த்த அடிப்பக்கத்தை விட்டுவிட்டு, பின்தகட்டின் முதுகைத் திருப்பிக் காட்டினார். சுவர் பக்கமாகவே நின்றதால் அந்த முதுகில் புளி அதிகம் பட்டதில்லை. அங்கே உளியால் புள்ளி புள்ளியாய்க் குத்திய ஒரு பெண்ணின் பெயர். நடுவிலுள்ள ‘லை’ 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம், யானைத் துதிக்கைபோல வளைந்து நின்றது. முன்பக்கத்து யானைகளின் துதிக்கைகள் போய்விட்டன. இந்தத் துதிக்கை மட்டும் இருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தடவப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.